சண்முகவடிவின் ஒப்பாரிக்கு நான் சொன்ன பொருள்

பிள்ளைகளுக்கு உவமை படிப்பிக்கிறது லேசான வேலை, தம்பி. 'போலை', 'மாதிரி' எண்டு ஒரு சொல்லைக் காட்டிவிட்டால் காணும், பிடிச்சுக்கொள்ளுவினம். உருவகத்திலைதான் கொஞ்சம் மினக்கெட வேணும். உயர்வு நவிற்சி எண்டு வரேக்கை ஒவ்வொரு வருசமும் ஒரு பொடியனாவது எழும்பி, "அப்ப அது பொய்தானுங்களே ஐயா?" எண்டு கேட்பான். "பொய் இல்லையடா. கூட்டிச் சொல்லுறன் எண்டு சொல்லுறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சால் அது அணி. ஒருத்தனுக்குத் தெரியாட்டில்தான் பொய்" எண்டு சொல்லுவன். அந்த விளக்கம் எந்தப் புத்தகத்திலையும் இல்லை, என்ரை சொந்தச் சரக்கு. எனக்கு அதிலை ஒரு பெருமை.

தேத்தண்ணியை ஆற முதல் குடியுங்கோ. அக்கரப்பத்தனையிலை பஸ்ஸாலை இறங்கி இந்த மழைக்குள்ளை ஏறி வந்திருக்கிறியள். நுவரெலியாக் கோட்டிலை வாதாடுற அப்புக்காத்து ஒருத்தர் தோட்டத்து வாத்தியாரைத் தேடி வாறது இதுதான் முதல் தரம். முத்துலிங்கம் மாஸ்டர் ஏதோ பெரிய ஆள் எண்டு இந்த வரிசை வீட்டு லயத்துச் சனம் நினைக்கப்போகுது.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. ஒப்பாரியிலை பெண்சாதி தன்னைத் தானே கொலைகாரி எண்டு பாடுற வழக்கம் இந்த மலையிலை இருக்கோ, இல்லையோ? அண்டைக்கு அந்தப் பாட்டைக் கோட்டிலை மொழிபெயர்த்த நானே 'இருக்கு' எண்டு ஒரு வரி சொன்னால், சண்முகவடிவின்ரை மன்னிப்பு மனுவுக்குப் பலம் எண்டு சொன்னியள். இருக்கு, தம்பி. சத்தியமாய் இருக்கு. அண்டைக்கும் இருந்தது. அண்டைக்கும் எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வசனத்தை நீங்கள் கேட்கேல்லை. நானாய்த்தான் சொன்னன். சொல்லத் துவங்கினால் முழுக்கச் சொல்லவேணும். அதனாலை கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ.

நான் வடமராட்சியான். சுதந்திரம் கிடைச்ச வருசம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தனான். ஒரே மண்டபம், அஞ்சு வகுப்பு. பின்னேரம் பிள்ளைகள் போனால் கதைக்க ஆள் இல்லை. துரைமாருக்கு நான் கூலிகளின்ரை வாத்தி, லயத்துச் சனத்துக்கு நான் ஐயா. ரெண்டு பக்கமும் ஒட்டாத சீவியம். அந்த நாளையிலை எனக்கு இருந்த ஒரே ருசி, சாவு வீட்டு ஒப்பாரி கேட்கிறது. சிரிக்காதேங்கோ. சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சாராயம். எனக்கு இது. சாவுக்கு அடிக்கிற தப்பு மேளமும், விடிய வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டுக்கு அடிக்கிற தப்பும் வேறை வேறை அடி. சாவுத் தப்பு கேட்டால் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு லயத்துக்கு இறங்கிவிடுவன். "ஐயா மனசு தங்கமுங்க, எங்க வீட்டு எழவுக்கெல்லாம் வந்துடுறாரு" எண்டு சனம் சொல்லும். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டன்.

பாட்டு எடுத்துக் குடுக்கிறது சண்முகவடிவு. கொழுந்து எடுக்கிற பெண். அப்ப இருபத்தஞ்சு வயதுக்குள்ளைதான் இருக்கும். எந்த லயத்திலை சாவு எண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவினம். பெண்டுகள் வட்டமாய்க் குந்தி, தோளிலை தோள் போட்டுக்கொள்ள, அவள் ஒரு அடி எடுத்துக் குடுப்பாள், செத்தவன்ரை மனிசி அதைத் திருப்பிப் பாடி அழுவாள். ராக்காயியின்ரை புருசன் ரோட்டு வெட்டேக்கை பாறை உருண்டு செத்தவன். அண்டைக்கு ராக்காயி பாடினது இப்பவும் என்ரை காதிலை நிக்குது:

"மலையிருந்து கல்லுருட்டி மன்னவர நாங் கொன்னேன்
மஞ்சக் கயித்த நானே மண்ணுக்குள்ள பொதைச்சேன்."

கல்லை ராக்காயி உருட்டேல்லை. அவள் அந்த நேரம் மேல்மலையிலை கொழுந்து எடுத்துக்கொண்டு நிண்டவள். அதைக் கேட்டு ஆரும் பொலிசுக்கு ஓடேல்லை. பாடி முடிய மூக்கைச் சிந்திப்போட்டு, "நல்லா எடுத்துக் குடுத்த வடிவு, மனசு கொஞ்சம் ஆறுச்சு" எண்டாள். காய்ச்சலிலை செத்தவன்ரை மனிசி, நான்தான் அவர் உடம்பிலை நெருப்பு வைச்சன் எண்டு பாடுவாள். பிள்ளையைப் பறிகுடுத்தவள், என்ரை பால்தான் விசம் எண்டு பாடுவாள். இருக்கிறவள் செத்தவனிட்டைப் பழியைக் கேட்டு வாங்கிறது. இதுதான் இவையின்ரை முறை. பாடுறவளுக்கும் தெரியும், கேட்கிற லயத்துக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் சண்முகவடிவின்ரை புருசன் சின்னராசா செத்துப்போனான். தேயிலைக்குள்ளை மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டுறவன். தோள் பிசகி, அதோடை இருமலும். தோட்டத்து மருந்து ஐயா ரெண்டு போத்தில் குடுத்தவர். ஒண்டு இருமலுக்குக் குடிக்கிறது, மற்றது தோளுக்குத் தேய்க்கிறது. சண்முகவடிவு தேய்க்கிறதைக் கோப்பையிலை ஊத்திக் குடுத்துப்போட்டாள். அது உள்ளை போனால் நெஞ்சு நிண்டுவிடும். விடிய முதலே ஆள் போயிட்டான்.

நான் லயத்துக்குப் போகேக்கை துரையும் ஒரு சிங்கள இன்ஸ்பெக்டரும் வந்து நிண்டவை. போத்திலை எடுத்து மணந்து பார்த்துக்கொண்டு நிண்டவை. வடிவுக்கு எடுத்துக் குடுக்க ஆள் இல்லை. அவளே எடுத்து, அவளே பாடினாள்:

"கொழுந்தெடுத்த கையாலே கோப்பையில நஞ்சு வச்சேன்
கூடப் படுத்தவரக் குழியில படுக்க வச்சேன்
மருந்து இதுன்னு சொல்லி மடியில சாச்சு வச்சேன்
மாமன் மகன் உசுர மண்ணுக்குத் தின்ன வச்சேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், அவ என்ன சொல்லுறா?" எண்டு இங்கிலீசிலை கேட்டார். நான் சொன்னன். ஒவ்வொரு அடியாய், ஆறுதலாய், சரியான இங்கிலீசிலை. அவர் தொப்பியைக் கழட்டிப்போட்டுத் திரும்பவும் போட்டார். "இத்தனை பேருக்கு முன்னாலை சொல்லுறாளோ?" எண்டார். "ஓம், சேர்" எண்டன்.

அங்கை நான் பொய் சொன்னனோ? இல்லை. ஒரு சொல் கூட்டேல்லை, ஒரு சொல் குறைக்கேல்லை. கேட்டதுக்குப் பதில் சொன்னன். இது பாட்டு, சேர், எல்லாச் சாவிலையும் இப்பிடித்தான் பாடுவினம் எண்டு ஒரு வசனம் கூடச் சொல்லியிருந்தால் அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அவர் அதைக் கேட்கேல்லை.

பெரிய கோட்டிலை கேட்டினம். அதையும் உங்களிட்டை மறைக்கேல்லை நான். மருந்து ஐயா வந்து, எது குடிக்கிறது எது தேய்க்கிறது எண்டு சின்னராசாவுக்கு வடிவாய் விளங்கப்படுத்தினன் எண்டு சத்தியம் பண்ணினார். அது உண்மை. சின்னராசா வீட்டிலை வந்து இதுதான் குடிக்கிறது எண்டு காட்டினவர் எண்டு சண்முகவடிவு சொன்னாள். அதுவும் உண்மை. ஆனால் ஆர் நம்புவினம்? புருசன் தெரிஞ்சு வைச்சிருந்தவன், பிழையாய்க் காட்டுவானோ? சம்பளத்தண்டு அவன் குடிச்சுப்போட்டு வந்து ரெண்டு பேரும் சண்டை பிடிச்சதை அடுத்த காம்பரா அறையிலை இருக்கிற சனம் சொல்லிச்சினம். லயத்திலை ஆர் வீட்டிலைதான் சண்டை இல்லை? இருந்தாலும் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு வந்தது. வோட்டும் இல்லாமல் போன சனம், தம்பி. அவளுக்காகக் கதைக்க ஒரு நாதியும் இல்லை. மிச்சம் இருந்தது என்ரை வாய் மட்டும்தான்.

ஜட்ஜ் நல்ல மனுசன். "மாஸ்டர், இந்தப் பெண்கள் சாவிலை இப்பிடிப் பாடுறது ஒரு கவிதை வழக்கமோ?" எண்டு நேரை கேட்டார். நான் சொன்னன்: "மைலோட், நான் இலக்கணம் படிப்பிக்கிறவன். அணி எண்டால் அதுக்குப் பேர் இருக்கும், வரைவிலக்கணம் இருக்கும். இந்த நாலு அடியிலை 'போலை' எண்ட சொல் இல்லை, அதனாலை உவமை இல்லை. ஒண்டை இன்னொண்டாய் ஆக்கேல்லை, அதனாலை உருவகம் இல்லை. கோப்பையிலை நஞ்சு வைச்சன் எண்டு சொல்லியிருக்கிறா." அவளுக்கு வைச்ச அப்புக்காத்து, பாவம், எங்கையோ படிச்சதை ஞாபகப்படுத்தி, "இது உயர்வு நவிற்சியாய் இருக்கக் கூடாதோ?" எண்டு கேட்டார். நான் சிரிச்சன். "உயர்வு நவிற்சி எண்டால் ஒண்டை உயர்த்திச் சொல்லுறது. இதிலை அவ எதை உயர்த்தியிருக்கிறா?" எண்டு திருப்பிக் கேட்டன். ஆள் இருந்துவிட்டார்.

அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஆரும் அப்பிடி எழுதினால் நான் பிழை போடுவன். உயர்வு நவிற்சி எண்டது பெருமை பாடுறது இல்லை. நடந்ததை விடக் கூட்டிச் சொல்லுறது. பழியையும் கூட்டிச் சொல்லலாம். அது எனக்குத் தெரியாமலோ?

ஜட்ஜ் என்ரை இங்கிலீசைப் பாராட்டினார். தூக்கு எண்டு தீர்ப்பு வந்தது, பிறகு ஆயுளாய்க் குறைச்சினம். அவளை இறக்கிக்கொண்டு போகேக்கை என்னைக் கண்டு கும்பிட்டாள். நானும் கையெடுத்தன். பழக்க தோசம்.

அவளுக்கு ஒரு பெட்டை, நாகலெட்சுமி. அப்ப நடை பழகிற வயது. சின்னம்மாக்காரி வளர்த்தாள். போன வருசம் அது என்ரை அஞ்சாம் வகுப்பிலை முன் வாங்கிலை வந்து குந்திச்சுது. அண்டைக்கு அணிப்பாடம். கண்ணீர் ஆறாய் ஓடினது எண்டு கரும்பலகையிலை எழுதினன். வழக்கம் போலை ஒருத்தன், பொய்தானுங்களே எண்டு கேட்டான். வழக்கம் போலை நானும், ரெண்டு பேருக்கும் தெரிஞ்சால் அது அணி எண்டு சொன்னன். பெட்டை கை உயர்த்திச்சுது.

"ஐயா, எங்கம்மா பாடுனது என்னாங்க? அணிங்களா, நெசமுங்களா?"

லயத்திலை எல்லாருக்கும் அந்த நாலு அடியும் பாடம். அதுக்கும் பாடம். வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. அண்டைக்கு ஜட்ஜுக்குப் பதில் சொன்ன வாயாலை, அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு, "இரு பிள்ளை, அது பாடத்திலை இல்லை" எண்டன். இருந்திட்டுது. அதுக்குப் பிறகு நான் அந்தப் பாடம் எடுக்கேல்லை. இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர் ஏன் எண்டு கேட்டார், தொண்டை சரியில்லை எண்டு சொல்லிச் சமாளிச்சன். அந்தப் பெட்டையின்ரை முகத்தைப் பார்க்கேலாமல் அதின்ரை கொப்பியை மேசையிலை வைக்கச் சொல்லித்தான் திருத்திறன். குற்றம் நெஞ்சை அரிக்குது எண்டு மேடையிலை எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பன். அரிக்கிறது எண்டால் என்ன எண்டு இப்பதான் தெரியும்.

இதுவரைக்கும் கேட்டதை வைச்சு நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு விளங்குது. படிச்ச திமிரிலை மாஸ்டர் சாட்சியத்தைத் திரிச்சுப்போட்டார், இப்ப மனம் வருந்துறார். அவ்வளவோடை எழுதிக்கொண்டு போனாலும் உங்கடை மனுவுக்குக் காணும். நானும் உங்களை அவ்வளவோடை அனுப்பத்தான் இருந்தன். ஆனால் ஏன் திரிச்சனான் எண்டு நீங்கள் இன்னும் கேட்கேல்லை.

அந்த வருசத் துவக்கத்திலை அட்டனிலை எங்கடை ஆசிரியர் சங்கக் கூட்டம். ஒப்பாரியில் அணிகள் எண்டு நான் ஒரு பேச்சுப் பேசினன். சண்முகவடிவு எடுத்துக் குடுத்த அடிகளைத்தான் உதாரணம் காட்டினன். பேசி முடிய, எங்கடை ஊர்க்காரன் துரைராசா, அவனும் வாத்திதான், எழும்பினான். "முத்துலிங்கத்தார் சொல்லுற பெட்டை கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் அழுகிறவள். மற்றவன்ரை பிணத்துக்குத்தான் அணி வரும். தன்ரை புருசன் செத்தால் ஊமைச்சி மாதிரிக் குந்தியிருப்பாள். உதுக்கெல்லாம் இலக்கணம் பார்க்கிறியே, விசரா?" எண்டான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பின் வரிசையிலை இருந்தவை கை தட்டிச் சிரிச்சவை. எனக்குச் செத்துப்போகலாம் போலை கிடந்தது. ரெயிலிலை வரேக்கையும் அந்தச் சிரிப்புத்தான். வகுப்பிலையும் அதுதான். அவன் சொன்னது சரியோ பிழையோ எண்டு தெரியாமல் எனக்குச் சோறு இறங்கேல்லை. தன்ரை சாவுக்கும் அவள் அந்தப் பழியைக் கேட்டு வாங்கிப் பாடுவாளோ, மாட்டாளோ? இதை அறிய வேறை வழி இல்லை, பாருங்கோ.

சின்னராசா செத்ததுக்கு முதல் நாள் பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன். கையிலை ரெண்டு போத்தில்.

"ஐயா, இதுல குடிக்கிறது எதுங்க, தேய்க்கிறது எதுங்க? மருந்து ஐயா சொன்னாருதான். கூட்டாளியோட பேசிக்கிட்டே வந்ததுல மறந்து போச்சுங்க."

போத்திலிலை ஒட்டின சீட்டு எல்லாம் இங்கிலீசு. லயத்துச் சனம் போத்திலோ, கடுதாசியோ, துண்டோ, எதெண்டாலும் என்னட்டைத்தான் கொண்டு வரும். நான் வாங்கிப் பார்த்தன். கண்ணாடி போடாமல் வாசிச்சிட்டன் எண்டு இவ்வளவு வருசமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தன். சொல்லிச் சொல்லி ஒரு காலத்திலை நம்பியும் விட்டன். கண்ணாடி போட்டிருந்தன், தம்பி. தேய்க்க மட்டும், நஞ்சு எண்டு சிவப்புச் சீட்டிலை பெரிய எழுத்திலை கிடந்தது. ஒரு தரம் வாசிச்சன். திரும்பவும் வாசிச்சன். பிறகு சிவப்புச் சீட்டுப் போத்திலை அவன்ரை வலக் கையிலை குடுத்து, "இதுதான் குடிக்கிறது. கசக்கும், ஒரே மூச்சிலை விழுங்கவேணும். மற்றதைத் தோளிலை தேய்" எண்டன்.

"நல்லா இருப்பீங்க ஐயா. வடிவுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மறந்துட்டேன்னு தெரிஞ்சா லயமே கேக்குற மாதிரி சிரிப்பா."

சிரிச்சுக்கொண்டுதான் போனான். பாதை முடக்கிலை திரும்பும் மட்டும் நான் படியிலை நிண்டு பார்த்தன். கூப்பிட்டிருக்கலாம். குரல் எட்டுற தூரம்தான். அடுத்த நாள் விடிய வெள்ளன முகம் கழுவி, சால்வை போர்த்து, வாசலிலை கதிரை போட்டு இருந்தன். தப்பு கேட்டது. அது பெரட்டுத் தப்பு இல்லை எண்டு முதல் அடியிலையே தெரிஞ்சுது.

அவள் பாடினாள், தம்பி. துரைராசா சொன்னது பிழை. அந்த நாலு அடியும் கேட்கேக்கை எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அந்த நேரத்திலைதான் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். இது வழக்கம் எண்டு நான் சொல்லியிருந்தால், அப்ப ஆர் போத்திலை மாத்திக் காட்டினது எண்டு அடுத்த கேள்வி வரும். அதனாலை மொழிபெயர்த்தன். சின்னராசாவைக் கொன்றது நான். அவளைக் கொண்டு குடிக்கப் பண்ணினதும் நான். அதை அவளின்ரை வாயாலையே அவள் தலையிலை கட்டினதும் நான். எழுதிக்கொள்ளுங்கோ. கையெழுத்து வைக்கிறன், எந்தக் கோட்டிலையும் வந்து சொல்லுறன். தூக்கு எண்டால் தூக்கு. அந்தப் பெட்டைக்கு மட்டும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கோ, அம்மா பாடினது அணிதான் எண்டு. என்னாலை ஏலாது.

ஒண்டு மட்டும் மிச்சம். நீங்கள் வந்து குந்தின உடனை, சண்முகவடிவு மனுவிலை கைநாட்டு வைக்க மாட்டன் எண்டு நிக்கிறாள் எண்டு சொன்னியள். "நாந்தானே குடுத்தேன், நாந்தானே பாடுனேன், அப்ப நாந்தானுங்களே கொன்னேன்" எண்டு சொல்லுறாளாம். உள்ளை இருந்து இருந்து அந்தப் பாட்டை அவளே நம்பிப்போட்டாள். பிறகு இன்னொண்டும் சொன்னவள் எண்டு சொன்னியள்: "வாத்தியார் ஐயாவ ஒண்ணும் கேக்காதீங்க. அவரு எம்பாட்ட ஒரு சொல்லு கூட்டாம கொறைக்காம எடுத்துச் சொன்னாருங்க. அந்த மாதிரி யாரு சொல்லுவா?"

அதைக் கேட்டதும் எனக்கு முதலிலை வந்தது சந்தோசம், தம்பி.